62 இஞ்ச் மர ரிகர்வ் வில்லு: ரெண்டு வருஷம் விட்டுப் பாத்தாச்சு, இப்ப ரிவ்யூ எழுதலாம்

முதல்லயே சொல்லிடறேன், நான் ஸ்போர்ட்ஸ் ஆளு இல்ல. 34 வருஷம் தமிழ் டீச்சரா இருந்துட்டு 2022 மே மாசம் ரிடையர் ஆனவ, ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு நமக்கு எப்பவும் நிழல்ல சேர் போட்டு உக்காந்து சர்டிபிகேட்ல பேர் எழுதற வேலை தான் குடுப்பாங்க, கையெழுத்து நல்லா இருக்கும்ங்கற ஒரே காரணத்துக்காக. பசங்களுக்குக் கதை எழுதறது சர்வீஸ்ல இருக்கும்போதே உண்டு, ரிடையர் ஆனதும் அது முழு நேரம் ஆயிடுச்சு. வில்லு வந்தது அதுக்கப்புறம், அதுவும் கதையால தான் வந்துச்சு. இப்ப வயசு 63. வாரத்துல நாலு நாள் அம்பு விடறேன்னு சொன்னா கல்யாண வீட்டுல ஒரு மாதிரி பாக்கறாங்க, அப்புறம் பந்தி முடிஞ்சு கை கழுவற எடத்துல மெதுவா பக்கத்துல வந்து அந்த வில்லு என்ன விலை, எங்க கிடைக்கும், தோள் வலிக்காதான்னு கேக்கறாங்க. அவங்க எல்லாருக்கும் சேத்து ஒரே பதிலா தான் இத எழுதறேன்.

ஏன் வாங்கினேன்னு சொல்லாம ரிவ்யூ முழுசா ஆகாது. கொல்லிமலைல இருக்கற ஒரு பையனும் அவன் தாத்தாவோட வில்லும்னு ஒரு கதை எழுதி வச்சிருந்தேன், அத சேலத்துல எங்க ஏரியா கிளை நூலகத்துல ஒரு ஞாயித்துக்கிழம பசங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். படிச்சு முடிச்சதும் ஆறாவது படிக்கற ஒரு பொண்ணு எந்திரிச்சு, 'டீச்சர், அந்த வில்லு எவ்ளோ வெயிட்டு இருக்கும்?'னு கேட்டுச்சு. எனக்குத் தெரியல. வில்லுன்னு நூறு தடவ எழுதியிருக்கேன், ஒரு தடவ கூட கையில தூக்கிப் பாத்ததில்ல. 'அடுத்த வாரம் சொல்றேன் கண்ணு'ன்னு சமாளிச்சுட்டு வந்துட்டேன். இந்த டயலாக்க 34 வருஷம் எத்தன பசங்க கிட்ட சொல்லியிருப்பேன், எத்தன தடவ அடுத்த வாரம் நெஜமா சொல்லியிருப்பேன்னு அன்னிக்கு ராத்திரி படுத்துட்டு யோசிச்சேன், கணக்கு நல்லா வரல.

சரின்னு ஊருக்கு வெளிய ஒரு காலேஜ் கிரவுண்டுல வில்வித்தை கிளாஸ் நடக்குதுன்னு கேள்விப்பட்டுப் போனேன். வெயிட்டு மட்டும் கேட்டுட்டு வந்துடலாம்னு தான் நெனச்சேன். அங்க கோச்சா இருக்கற தம்பிக்கு என் மருமகன் வயசு இருக்கும், 'எந்த வெயிட்டு மேடம் கேக்கறீங்க, தூக்கற வெயிட்டா இழுக்கற வெயிட்டா?'ன்னு திருப்பிக் கேட்டாரு. அந்த ஒரு கேள்விலயே நான் காலி. அன்னிக்கே பேர் குடுத்துட்டேன், ரெண்டு மாசம் கிளப் வில்லுல விட்டேன், அப்புறம் சொந்தமா ஒன்னு வேணும்னு 2023 ஆடி தள்ளுபடில ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன்.

வாங்கினது 62 இஞ்ச் டேக் டவுன் ரிகர்வ். ரிகர்வ்னா முனை ரெண்டும் முன்பக்கமா வளைஞ்ச வில்லு, டேக் டவுன்னா மூணு துண்டா கழண்டு வர்றது. நடுவுல மரத்துல செஞ்ச கைப்பிடி, அத ரைசர்ங்கறாங்க, மேலயும் கீழயும் ஒவ்வொரு லிம்ப், மரப்பட்டையும் ஃபைபர் கிளாஸும் லேயர் லேயரா வச்சு ஒட்டினது. கையால திருகற போல்ட்டு ரெண்டு, அவ்ளோ தான், ஸ்பேனர் தேவையில்ல. கழட்டி துணிப்பைல போட்டா டவுன் பஸ்ல மடியிலயே வச்சுட்டுப் போயிடலாம், கண்டக்டர் கூட குடைன்னு தான் நெனச்சாரு. வில்லு 8,400 ரூபா, அம்பு, கை கார்டு, ஃபிங்கர் டேப்னு சேந்து மொத்தம் 12,000 கிட்ட வந்துச்சு. கடை பேரு, பிராண்ட் பேரு போடல, ஏன்னா கீழ கொஞ்சம் திட்டவும் போறேன், அதோட இந்த டைப்பு மர வில்லு பல பேர்ல வருது, எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி தான் இருக்கு.

பாக்க அழகோ அழகு. அத சொல்லியே ஆகணும். கைப்பிடில ரெண்டு கலர் மரம் வச்சு ஒட்டி வழவழன்னு இழைச்சிருக்காங்க, உள்ளங்கைக்குள்ள பழைய அரிவாமனைக் கட்டை மாதிரி பதிஞ்சு உக்காருது. வாங்கின அன்னிக்கு ராத்திரி எழுதற மேஜை மேல வச்சுப் பாத்துட்டே இருந்தேன், ஒரு வரி எழுதல.

தூக்கற வெயிட்டு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. கிளப் வில்லத் தூக்கிப் பாத்துட்டு அந்தப் பொண்ணுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமயே சொல்லிட்டேன், 'ஒரு பாக்கெட் உப்பு, அதுக்கு மேல ஒரு கைப்பிடி'ன்னு. இழுக்கற வெயிட்டு தான் பெரிய கதை, வாங்கறவங்க எல்லாரும் தப்பு பண்ற எடம் அது தான், நானும் பண்ணேன்.

லிம்ப்ல 28ன்னு போட்டிருக்கும். 28 இஞ்ச் இழுத்தா கையில 28 பவுண்டு இழுவை இருக்கும்னு அர்த்தம். இதுல 28 இஞ்ச்ங்கறது நல்ல உயரமான ஆம்பளைக்கு வர்ற கணக்கு. நாம எவ்ளோ இழுப்போம்னு தெரிய ரெண்டு கையையும் சிலுவை மாதிரி விரிச்சு விரல் நுனிக்கு நுனி அளந்து ரெண்டரையால வகுக்கணும். எனக்கு 152 சென்டிமீட்டர், வகுத்தா 61 கிட்ட, அதாவது 24 இஞ்ச். நாலு இஞ்ச் கம்மி. ஒரு இஞ்சுக்கு சுமாரா ரெண்டு பவுண்டு கொறையும்னு வச்சா 28 பவுண்டு வில்லு என் கையில 20 பவுண்டு தான். கிளப்புல கோச் தம்பி எனக்குக் குடுத்திருந்தது 18ன்னு போட்ட லிம்ப். 'டீச்சர், 20க்கு மேல வாங்காதீங்க'ன்னு தெளிவா சொன்னாரு. நான் கேக்கல. பக்கத்து லைன்ல விடற பிளஸ் டூ பையன் 34 வச்சிருக்கான், நாம என்ன அவ்ளோ மோசமான்னு ஒரு வீம்பு, அப்புறம் மேல சொன்ன கழித்தல் கணக்க நானே போட்டு 'எனக்கு 28னா 20 தானே'ன்னு புத்திசாலித்தனமா ஆர்டர் பண்ணிட்டேன். 20ன்னு போட்ட லிம்புக்கும் அதே கழித்தல் உண்டுங்கறத மறந்துட்டேன் பாருங்க.

மொத நாள் பத்து அம்பு விட்டேன், ஜோரா போச்சு. முப்பதாவது அம்புல கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. நாண் எப்பவும் மூக்கு நுனியத் தொடணும், ஆள்காட்டி விரல் வாயோரத்துக்கு வரணும், ஒவ்வொரு தடவையும் அதே எடம், அது தான் இதுல அடிப்படை. கை சோந்து போனா அந்த எடத்துக்கு வரவே வராது, கன்னத்துக்கு ரெண்டு இஞ்ச் முன்னாடியே விட்டுடுவோம், அப்புறம் அம்பு எங்க போகுதுன்னு அம்புக்கே தெரியாது. மூணு வாரம் இப்படி மல்லுக்கட்டினதுல வலது தோள்ல ஒரு குத்தல் வந்து போர்டுல எழுதற கை, சாதம் கிளறவே தூக்க முடியல. டாக்டர் ஒரு மாசம் ரெஸ்ட்டுன்னாரு. அதனால இத வாங்கப் போற என் வயசுக்காரங்க யாரா இருந்தாலும், லேடீஸ்னா 16, 18, ஜென்ட்ஸ்னா 20, 22, அதுல ஆரம்பிங்க. டேக் டவுன் வாங்கறதோட முழுப் பயனே இது தான், பலம் வந்தப்புறம் லிம்ப் மட்டும் மாத்திக்கலாம், கைப்பிடி அதே தான்.

நாண் ஏத்தறது அடுத்த பஞ்சாயத்து. என் கதைல அந்தத் தாத்தாவோட வில்லு நாணோடவே செவுத்துல தொங்கும், பையன் ஓடி வந்து எடுத்து உடனே அம்பு விடுவான். நெஜத்துல வேலை முடிஞ்சதும் நாண எறக்கி வைக்கறது தான் மர வில்லுக்கு நல்லது, இல்லன்னா லிம்ப் வளைஞ்ச படியே பழகி பலம் போயிடும். சுவத்துல சாச்சு வைக்கவும் கூடாது. வெயில்ல நிக்கற கார்ல விட்டுட்டுப் போனா, அதுவும் நம்ம சேலம் சித்திரை வெயில்ல, ஒட்டின பசையே இளகிடும். ஏத்தறதுக்கு ஸ்ட்ரிங்கர்னு ஒரு கயிறு இருக்கு, ரெண்டு முனையிலயும் மாட்டி நடுவுல கால வச்சு மிதிச்சுட்டு கைப்பிடிய மேல தூக்கினா லிம்ப் ரெண்டும் ஒரே மாதிரி வளையும், நாண் தன்னால போயி உக்காரும். இந்தக் கயிறு எனக்கு வந்த செட்டுல இல்ல. படத்துல இருந்துச்சு, பெட்டில இல்ல. கடைக்கு போன் பண்ணா 'ஸ்டெப் த்ரூ பண்ணுங்க மேடம்'னாங்க, அதாவது வில்லுக்குள்ள கால விட்டுத் தொடைல முட்டுக் குடுத்து வளைக்கறது. புடவையோடயா? அதோட அப்படி வளைச்சா லிம்ப் கோணிக்கும்னு கோச் தம்பி கண்டபடி சத்தம் போட்டாரு. கடைசில 350 ரூபா குடுத்து தனியா வாங்கினேன். இதுக்கு ஒரு ஸ்டார் கட்.

இப்ப நான் பண்ண பெரிய கோமாளித்தனம். நூலகத்துல வல்வில் ஓரி கதை சொல்ல வேண்டிய நாள். கொல்லிமலைய ஆண்ட ஓரி விட்ட ஒரே அம்பு யானையச் சாச்சு, புலியக் கொன்னு, மான உருட்டி, பன்னிய வீழ்த்தி, கடைசில புத்துக்குள்ள இருந்த உடும்புல போயி நின்னுச்சுன்னு புறநானூறு 152ல வன்பரணர் பாடியிருக்காரு. பசங்களுக்கு இத சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு சத்தம் போடுவேன். அன்னிக்கு வில்லையும் எடுத்துட்டுப் போயிருந்தேன், அம்பு எடுத்துட்டுப் போகல, பசங்க இருக்கற எடம்ல. கதையோட உச்சத்துல 'ஓரி நாணொலி எழுப்பினான்!'னு சொல்லிட்டு, அம்பு இல்லாமயே நாண வாயோரம் வரைக்கும் இழுத்து, விட்டேன்.

பட்டாசு வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். பசங்க எல்லாம் கை தட்டுதுங்க, நூலகர் அம்மா எந்திரிச்சே நின்னுட்டாங்க, எனக்கு மட்டும் இடது கை மணிக்கட்டு வரைக்கும் ஜிவ்வுனு அதிர்ச்சி. வீட்டுக்கு வந்து லைட்டுல பாத்தா மேல் லிம்ப்ல நீளமா முடி மாதிரி ஒரு கோடு. அம்பு இருந்தா இழுத்த சக்தி அம்போட போயிடும், இல்லன்னா அவ்ளோவும் லிம்புக்கே திரும்பி வந்து அடிக்கும், வில்லுக்கு இதவிட பெரிய எதிரி இல்லைன்னு மொத நாளே சொல்லித் தந்திருந்தாங்க. காதுல வாங்கிட்டு தான் இருந்தேன். காப்பியத்துல வர்றவங்க நாணத் தெறிச்சாங்க, விரலால லேசா சுண்டறது, அது வேற. முழுசா இழுத்து சும்மா விடறது வேற. தமிழ் டீச்சருக்கே அந்த வித்தியாசம் 2,600 ரூபாயில தான் புரிஞ்சுது, புது லிம்ப் ஜோடி அவ்ளோ ஆச்சு. வாரண்டில இது வராதுன்னு கடைக்காரங்க சொன்னாங்க, அதுல அவங்க மேல தப்பே இல்ல. இந்தத் தடவ ஒழுங்கா 20 பவுண்டு வாங்கினேன். லேசான லிம்ப்ல இஞ்சுக்குக் கொறையறதும் கம்மி, அதனால என் கையில 14 கிட்ட வரும். சொல்லப்போனா அந்த விரிசல் விட்டது எனக்கு நல்லதா போச்சு, இல்லன்னா வீம்புக்கு இன்னும் 28லயே தோள ஒடச்சிட்டு இருந்திருப்பேன்.

அம்பு விஷயத்துல தான் கடைக்காரங்க மேல நெஜமான கோவம். செட்டோட ஆறு கார்பன் அம்பு வந்துச்சு, மேல 500ன்னு நம்பர். எல்லா அம்பும் இடது பக்கமாவே போகுது. எப்படி நின்னாலும் இடது. என் கண்ணு தான் கோளாறுன்னு கண் டாக்டர் கிட்ட போயிட்டு வந்தேன். அப்புறம் தான் தெரிஞ்சுது அந்த நம்பர் அம்போட வெறப்புக்கான அளவு. 28 இஞ்ச் இடைவெளில ரெண்டு தாங்கல் மேல அம்ப வச்சு நடுவுல 880 கிராம் தொங்க விட்டா அர இஞ்ச் வளைஞ்சா அது 500, ஒரு இஞ்ச் வளைஞ்சா 1000. நம்பர் ஏற ஏற அம்பு நெளிவா இருக்கும். அம்பு வில்ல விட்டுக் கெளம்பும்போது நேரா போறதில்ல, ஒரு மீனு மாதிரி நெளிஞ்சு கைப்பிடியச் சுத்திட்டு தான் போகும், ஸ்லோ மோஷன் வீடியோல பாத்தா நம்பவே முடியாது. லேசான வில்லுக்கு வெறப்பான அம்பு குடுத்தா அது நெளியாது, கைப்பிடில உரசி வலது கைக்காரங்களுக்கு இடது பக்கம் ஓடிடும். 14 பவுண்டு இழுக்கற எனக்கு 1000 கிட்ட வேணும், அவங்க குடுத்தது 500. 'எல்லாருக்கும் இது தான் மேடம் போகும்'னு பதில். வகுப்புல எல்லாப் புள்ளைக்கும் ஒரே சைஸ் செருப்பு குடுத்த மாதிரி. மாத்தித் தரவும் இல்ல, காசும் திருப்பித் தரல, அந்த ஆறு அம்பும் இப்ப எங்க வீட்டு மாடித் தோட்டத்துல தக்காளிச் செடிக்கு முட்டுக் குடுத்துட்டு நிக்குது. செட்டா வாங்காதீங்க. வில்லு தனியா, அம்பு தனியா, உங்க இழுவையும் நீளமும் சொல்லிக் கேட்டு வாங்குங்க.

கண் டாக்டர்னதும் ஞாபகம் வருது, கண்ணாடி போட்டவங்களுக்கு ஒன்னு. நான் போடறது புரோகிரஸிவ் லென்ஸ், மேல தூரம் கீழ படிக்கறது. வில்லுக்குப் பக்கவாட்டுல நின்னு தலைய மட்டும் திருப்பிப் பாப்போம், அப்ப கண்ணு லென்ஸோட மூக்கோரம் வழியா பாக்கும், அந்த எடம் தெளிவாவே இருக்காது, டார்கெட் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி அசையும். பழைய தூரப்பார்வைக் கண்ணாடிய பீரோல இருந்து தேடி எடுத்துப் போட்டேன், பிரச்சன தீந்துச்சு. எந்தக் கடைலயும் இத சொல்ல மாட்டாங்க.

கை கார்டு சுமார் ரகம், வெல்க்ரோ ஆறு மாசத்துல போச்சு. ஆனா அது இல்லாம விடாதீங்க, மொத வாரம் ஒரு நாள் மறந்து போயி விட்டதுல நாண் முழங்கை உள்பக்கம் அடிச்சு கத்திரிக்காய் கலர்ல கன்னிப் போச்சு, ரெண்டு வாரம் முழுக்கை ஜாக்கெட் போட்டுட்டு திரிஞ்சேன், மக பாத்தா வில்லையே தூக்கி பரண்ல போட்டுடுவா.

ஃபிங்கர் டேப் நல்லா இருக்கு. மூணு விரலுக்கும் நாணுக்கும் நடுவுல வர்ற சின்ன தோல் துண்டு, நாண் விரல அறுக்காம பாத்துக்கும். இது ஒரு கதையவே கெளப்பி விட்டுச்சு. நாண இழுக்கறது ஆள்காட்டி, நடு, மோதிரம்னு மூணு விரல், கட்டை விரல் உள்ளங்கைக்குள்ள மடங்கி சும்மா கெடக்கும். இத பசங்களுக்குக் காட்டினப்ப ஒரு வாலு கேட்டான், 'அப்ப ஏகலைவன் கட்டை விரல குடுத்துட்டாலும் அம்பு விட்டிருக்கலாமே டீச்சர்?' எப்படி மடக்கினான் பாருங்க! ஆசியாவுல பல எடத்துல பழைய முறை கட்டை விரல்ல நாணக் கொக்கி மாதிரி போட்டு இழுக்கறது, மங்கோலியா, துருக்கி, கொரியா பக்கமெல்லாம் அதுக்குன்னே கட்டை விரலுக்கு மோதிரம் உண்டு. அந்த முறைல விரல் போனா எல்லாமே போச்சு. மூணு விரல் முறை வேற வழில வந்தது. இத சொன்னேன், அவன் விடல, 'அப்ப முறைய மாத்திக்கலாமே'ன்னான். மாத்திக்கலாம் தான். ஜம்மு காஷ்மீர்ல கிஷ்த்வார் பக்கத்துப் பொண்ணு சீத்தல் தேவி, ரெண்டு கையும் இல்லாம பொறந்தவ, கால்ல வில்லப் புடிச்சு தோளால இழுத்து 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ்ல ராகேஷ் குமாரோட சேந்து கலப்பு அணில வெண்கலம் வாங்கினா, அப்ப வயசு 17. போன்ல வீடியோ போட்டுக் காட்டினேன். அந்த வாலு ரொம்ப நேரம் எதுவும் பேசாம இருந்தான், அவன் அப்படி இருந்து நான் பாத்ததே இல்ல.

கிளாஸ் பத்தி ரெண்டு வரி. மாசம் 1,500 ரூபா, காலைல ஆறுல இருந்து எட்டு வரைக்கும். டாய்லெட் மோசம், நிழல் இல்ல, குடிதண்ணி நாமே கொண்டு போகணும். ஆனா பாதுகாப்புல சமரசமே இல்ல, அதுக்கே முழு மார்க் போடுவேன். ரெண்டு விசில் அடிச்சா லைனுக்கு வரணும், ஒரு விசில்னா விட ஆரம்பிக்கலாம், மூணு விசில்னா எல்லாரும் வில்ல வச்சுட்டுப் போயி அம்பு பொறுக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு அடி தாண்டினாலும் கோச் தம்பி வயசெல்லாம் பாக்க மாட்டாரு. ஒரு நாள் கீழ விழுந்த அம்ப எடுக்க லேசா முன்னாடி குனிஞ்சேன், எட்டாவது படிக்கற பொண்ணுங்க முன்னாடி எனக்கு ஒரு டோஸ் விழுந்துச்சு. அன்னிக்கு வலிச்சுது, ஆனா நானும் அப்படி எத்தன பேர நிக்க வச்சுத் திட்டியிருப்பேன், அதெல்லாம் வரிசையா ஞாபகம் வந்துச்சு. ஓரமா நின்னு மூச்சு விட்டுட்டு மறுபடி லைனுக்கு வந்தேன்.

18 மீட்டர்ல இருந்து விடறேன். மஞ்சள்ல பட்டா 10, 9, சிவப்புல 8, 7, நீலம் 6, 5, கருப்பு 4, 3, வெள்ளை 2, 1. ஆறு அம்புக்கு இப்ப சராசரியா 38, 40 வாங்கறேன், பாஸ் மார்க் தாண்டியாச்சு. வெள்ளைக்கு வெளிய போனா முட்டை, அதுவும் வாங்கியிருக்கேன், நெறைய. 1904ல அமெரிக்கால செயின்ட் லூயிஸ்ல நடந்த ஒலிம்பிக்ஸ்ல எலைசா பொல்லாக்ங்கற அம்மா 63 வயசுல அணில தங்கம் வாங்கியிருக்காங்க, இத எங்க வீட்டுல எல்லார் கிட்டயும் ரெண்டு தடவையாவது சொல்லிட்டேன், வீட்டுக்காரர் நான் வாயத் தொறக்கும்போதே 'பொல்லாக்கா?'ங்கறாரு.

எழுத்து என்னாச்சுன்னு கேப்பீங்க. காலைல நாலரைக்கு எந்திரிச்சு ஒரு மணி நேரம் ரஃப் நோட்டுல கதை, அப்புறம் பையத் தூக்கிட்டு கிரவுண்டு. வில்லு வந்தப்புறம் வேகம் கொறஞ்சு போச்சு, உண்மைய சொல்லணும்ல. அந்தக் கொல்லிமலைப் பையன் கதைய மறுபடி உக்காந்து பாத்தேன், நாலு பக்கம் அடிச்சேன். மொத வெர்ஷன்ல அவன் வில்ல எடுத்தான், குறி பாத்தான், விட்டான், பழம் விழுந்துச்சு, ஒரே வரி. இப்ப அவன் தாத்தா அவன நாண் ஏத்தவே ஒரு வாரம் விடல. நாண் ஏத்தத் தெரிஞ்சப்புறம் இழுத்துட்டு விடாம மெதுவா திருப்பிக் கொண்டு வரச் சொல்றாரு, அது தான் இருக்கறதுலயே கஷ்டம், கை வெடவெடன்னு ஆடும். பழம் கதை முடியற வரைக்கும் மரத்துலயே தான் இருக்கு. போட்டுப் பாக்கலாம்னு ஒரு சிறுவர் பத்திரிகைக்கு அனுப்பினேன், 'ஆக்‌ஷன் கம்மியா இருக்கே'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நூலகத்துல படிச்சேன். வெயிட்டு கேட்ட பொண்ணு இப்ப எட்டாவது, 'அந்தப் பழத்த யாரு தான் பறிச்சா?'ன்னு கேட்டுச்சு. இதுக்கும் அடுத்த வாரம் சொல்றேன்னு தான் சொல்லியிருக்கேன்.

ஆக வில்லுக்கு அஞ்சுக்கு நாலரை. ரெண்டு வருஷம், ஒரு கிறுக்குத்தனம், ரெண்டு மழைக்காலம், கைப்பிடில ஒரு சின்ன வெடிப்பு கூட இல்ல, போல்ட்டு துரு புடிக்கல. செட்டோட வந்த சாமானுக்கு ஒன்னரை, கஸ்டமர் கேருக்கு ஒன்னு, அதுவும் போன எடுத்தாங்கங்கறதுக்காக. வலது கை, இடது கைன்னு ஆர்டர் போடும்போது கேக்கும், அது நாண இழுக்கற கைய சொல்றது, வில்லப் புடிக்கற கைய இல்ல. நான் தப்பா போட்டு மாத்தி வர 11 நாள் ஆச்சு.

இன்னொன்னு, நாண் நைஞ்சு போனா மாத்திடணும், இழை பிரிஞ்சு நிக்கற நாண்ல விடவே விடாதீங்க. எனக்கு போன மாசம் மாத்த வேண்டி வந்துச்சு. மர லிம்புக்கு டாக்ரான்ங்கற பாலியஸ்டர் நூல் நாண் போதும், 62 இஞ்ச் வில்லுன்னா நாணும் 62ன்னு சொல்லியே கேளுங்க. வீட்டுல வந்து டேப் வச்சு அளந்தா மூணு நாலு இஞ்ச் கம்மியா தான் இருக்கும், வில்லு வளைஞ்சு நிக்கணும்ல. ஏமாத்திட்டாங்கன்னு கடைக்கு சண்டைக்குப் போயிடாதீங்க, நான் போனேன்.